துருவும் தூரிகையும்

கடற்கரை ஊர்களில் பிறந்தவர்களுக்குத் துருவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கிணற்றுச் சகடை, சன்னல் கம்பி, கதவுக் கீல், சைக்கிள் சங்கிலி என்று இரும்பாலான எதையும் எங்கள் ஊர்க் காற்று விட்டுவைப்பதில்லை. புதிதாய் வாங்கிய பூட்டு இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதனை நல்ல பூட்டு என்போம். பெருநாள் நெருங்கும்போது வீட்டுக்கு வெள்ளையடிக்க வருபவர், மிச்ச நேரத்தில் சன்னல் கம்பிகளுக்கும் ஒரு பூச்சுப் பூசிவிட்டுப் போவார். அடுத்த பெருநாளுக்குள் அந்தப் பூச்சுக் கொப்புளித்துச் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். உள்ளிருந்து பழைய துருவே மீண்டும் தலைகாட்டும். மறுபடியும் பூசுவோம். ஆண்டுதோறும் இவ்வாறு பூசிக்கொண்டே போவதைத்தான் நம்மில் பெரும்பாலோர் பராமரிப்பு என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

சன்னல் கம்பியைப் பொறுத்தவரை இது சிறிய செய்தி. கம்பி இற்றுப்போனால் மாற்றிக்கொள்ளலாம். பல டன் பாரத்தைச் சுமந்துகொண்டு மலைச்சாலையில் இறங்கும் லாரி ஒன்றின் அடிச்சட்டத்தில் இதே வழக்கம் நடைபெறுமானால், அது உயிரைப் பற்றிய செய்தியாகிவிடுகிறது.

எங்கள் குடும்பத்தில் அப்படியொரு லாரி இருந்தது. ஆறு சக்கரங்கள் கொண்ட அவ்வண்டியை வாப்பா 2008ஆம் ஆண்டில் புதிதாக வாங்கினார்கள். பாம்பன், மண்டபம் கரைகளில் இறங்கும் மீனைப் பனிக்கட்டியிட்டுக் கேரளத்துக்குக் கொண்டு சேர்ப்பதே அதன் தொழில். மீன் வண்டி போன வழியை நாற்றத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். அது சிந்திச் சென்ற நீரின் தடமும் சாலையில் நெடுகக் கிடக்கும். அந்த நீர் வெறும் நீரன்று. பனிக்கட்டி உருகிய நீரோடு கடலின் உப்பும் மீனின் குருதியும் கலந்த நீர் அது. சாலையில் விழுமுன் அது வண்டியின் அடிச்சட்டத்தின்மீது விழுகிறது. பதினான்கு ஆண்டுகள் அவ்வாறே விழுந்துகொண்டிருந்தது.

வாடகை வண்டிகளுக்குத் தகுதிச் சான்று வேண்டும் என்பதை வண்டி வைத்திருக்கும் குடும்பத்தார் யாவரும் அறிவர். 'எஃப்.சி.' என்று எல்லோரும் வழங்கும் அச்சான்றினை, வண்டிக்கு எட்டு வயதாகும்வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதற்குப் பின் ஆண்டுக்கு ஒருமுறையும் புதுப்பிக்க வேண்டும். எஃப்.சி. நாள் நெருங்கினால் வண்டி பட்டறையில் நிற்கும். அடிச்சட்டம் முழுவதற்கும் கறுப்புப் பூச்சு, முன் பம்பருக்கு மஞ்சளும் சிவப்புமாய்ப் பட்டைகள், நடுவே பூக்கள், ஓரத்தில் உரிமையாளரின் பெயர். இரண்டே நாளில் வண்டி பெருநாள் சட்டை அணிந்த பிள்ளையைப் போல வெளியே வரும். இது எங்கள் வீட்டு வழக்கம் மட்டுமன்று. எங்கள் பக்கத்து வண்டிகள் பலவற்றுக்கும் இதுவே வழக்கம்.

2022ஆம் ஆண்டின் இறுதியில் வாப்பா வஃபாத்தானார்கள். காக்காவுக்கு முதுகுவலி முற்றி, நீண்ட தூரம் வண்டி ஓட்டுவது இயலாமற்போனது. நானோ பள்ளிக்கூடத்து ஆசிரியன். வண்டியை விற்றுவிடுவதென்று முடிவாயிற்று. தரகர் ஒருவர் வந்தார். வண்டியை ஒருமுறை சுற்றி நடந்தார். "அடியில் ஒரு கோட் கறுப்பு, பம்பருக்குப் புது வண்ணம். இரண்டு நாள் வேலை. நல்ல விலைக்கு நான் முடித்துத் தருகிறேன்" என்றார். வாங்க வருபவர் பக்கத்து ஊர் இளைஞர் என்றும், பத்தாண்டுகளாகப் பிறர் வண்டியை ஓட்டிவிட்டு இப்பொழுது மனைவியின் நகைகளை விற்றுத் தமக்கென்று முதல் வண்டி வாங்குகிறார் என்றும் அவரே சொன்னார்.

தரகர் போனபின் காக்கா நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். பிறகு, "தம்பி, அந்தப் பிள்ளை இந்த வண்டியில்தான் மலை ஏறி இறங்கப் போகிறான். இதிலேயேதான் படுத்து உறங்கவும் போகிறான். அடியில் என்ன இருக்கிறது என்று நமக்கே தெரியாமல் அவனுக்கு எப்படிக் கொடுப்பது? முதலில் சுரண்டிப் பார்ப்போம், பூசுவதைப் பிறகு பார்க்கலாம்" என்றார். எங்கள் வீட்டுக் கொல்லையில் பதினைந்து நாள் நடந்த வேலையின் தொடக்கம் இதுதான்.

முதல் நாளே உம்மாவுக்கும் காக்காவுக்கும் இடையே ஒரு சிறு வழக்கு எழுந்தது. துருவைச் சுரண்டுமுன் சட்டத்தில் படிந்திருக்கும் உப்பைக் கழுவ வேண்டும். அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். எங்கள் கிணற்று நீரோ உவர்நீர். "குடிக்கிற தண்ணீரைக் குடம் இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குகிறோம். அதை லாரிக்கு ஊற்றுவதா?" என்று உம்மா கேட்டார்கள். இராமநாதபுரம் மாவட்டத்தில் வாழ்பவர் எவரும் அக்கேள்வியை அற்பமானது என்று தள்ளிவிட மாட்டார். முடிவில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் போகக் கிணற்று நீரால் கழுவுவது; கடைசி அலம்பலுக்கு மட்டும் நல்ல நீரைக் கைத்தெளிப்பானில் ஊற்றிப் பீய்ச்சுவது. நான்கு குடங்களில் அந்த வேலை முடிந்தது.

இந்த அலம்பலை வீண் என்று எண்ணுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடு என்னும் பொருளும் சிறிது கலந்திருக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 33 விழுக்காட்டைத் தாண்டினாலே போதும், அது காற்றிலிருந்து நீரை ஈர்த்துக் கரைந்துவிடும். எங்கள் கடற்கரைக் காற்று அந்த அளவுக்கு வறண்டுபோவது அரிது. ஆகவே உப்புப் படிந்த இரும்பு மழையே இல்லாத நாளிலும் நனைந்தே இருக்கிறது. அந்த உப்பின்மீது வண்ணத்தைப் பூசினால், உப்பு பூச்சினூடேயும் நீரை உள்ளிழுத்துக் கொப்புளம் எழுப்பும். பெருநாளுக்குப் பூசிய சன்னல் கம்பி அடுத்த பெருநாளுக்குள் கொப்புளிப்பதன் இரகசியம் பெரும்பாலும் இதுவே.

துரு என்பது என்ன? இரும்பும் உயிர்வளியும் நீரும் சேர்ந்து உண்டாகும் பொருள். அலுமினியம் காற்றோடு சேர்ந்து தன்மேல் ஓர் இறுகிய தோலை உண்டாக்கிக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்கிறது. இரும்பின் துருவோ நுண்துளைகள் நிறைந்தது; நீரையும் காற்றையும் தடுக்காமல் உள்ளே விடுகிறது. மேலும் தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அது அடைத்துக்கொள்கிறது. லாரியின் அடிச்சட்டம் ஓர் ஏணியைப் போன்றது: நீளவாட்டில் இரண்டு சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், இணைப்புகளில் ரிவிட்டுகள். தகட்டின்மேல் தகடு பொருந்தும் இடங்களில் துரு புகுந்தால், அது வீங்கித் தகடுகளையே பிரித்துவிடும்.

இங்கே ஓர் அறிஞரின் சோதனையை நினைவுகூர வேண்டும். 1920களில் கேம்பிரிட்ஜில் யூ. ஆர். எவன்ஸ் என்பவர் இரும்பின்மீது ஓர் உப்புநீர்த் துளியை வைத்து, அது அரிபடும் முறையை ஆராய்ந்தார். துளியின் விளிம்பில் காற்று எளிதில் கிட்டுகிறது. நடுவில் அவ்வளவாகக் கிட்டுவதில்லை. இரும்பு கரைந்தது காற்றுப்பட்ட விளிம்பில் அன்று. காற்றுக் கிட்டாத நடுப்பகுதியில். துரு மட்டும் இரண்டுக்கும் இடையே ஒரு வளையமாகப் படிந்தது. அதாவது, துரு தெரியும் இடம் வேறு. இரும்பு தேயும் இடம் வேறு. எங்கள் பக்கத்துக் காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தாரும் இத்தகைய அரிப்பை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். பள்ளியில் நான் மாணவர்க்குச் சொல்லும் பாடம்தான் இது. ஆயினும் அதன் முழுப்பொருளைச் சேறு அப்பிய ஒரு சட்டத்தின் அடியில் மல்லாந்து படுத்தபொழுதுதான் கண்ணால் கண்டேன். வெளிப்பக்கம் சிவந்து பயமுறுத்திய இடங்கள் பல, தேய்த்தபின் உறுதியான இரும்பாகவே நின்றன. சேறு மூடி, பார்வைக்கு அமைதியாய் இருந்த மூலைகளே உள்ளுக்குள் உளுத்திருந்தன.

எங்கள் கொல்லை மணல் தரை. ஆதலால் ஜாக்கியின் கீழே தடித்த பலகை போட்டோம். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்குக் கனத்த மரக்கட்டைகளை அடுக்கினோம். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அடை கொடுத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் நுழையலாகாது என்பதில் காக்கா கண்டிப்பாக இருந்தார். பிரேக் குழாய்கள், ரப்பர்க் குழல்கள், கிரீஸ் ஏற்றும் வாய்கள், தண்டின் மூட்டுகள் ஆகியவற்றைத் தாளால் சுற்றி ஒட்டினோம். சட்டத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் சேசிஸ் எண்ணைத் தனியே மூடினோம். அந்த எண்ணைத் தேய்த்துவிட்டாலோ, அது தெரியாதபடி அப்பிவிட்டாலோ, வண்டி யாருடையது என்று காட்டும் சான்றே கெட்டுவிடும்.

பிறகு சுத்தியல். ஒவ்வொரு சாண் தூரத்துக்கும் மெல்லத் தட்டிக்கொண்டே போனார் காக்கா. நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். இற்றுப்போன இடம் மண்சட்டியைத் தட்டியதுபோல் மங்கி ஒலிக்கும். தளர்ந்த செதில்கள் சுத்தியலுக்கே உதிர்ந்தன. அடுத்துச் சுரண்டி, அதற்கடுத்து வயர் பிரஷ், இறுதியில் உப்புத்தாள். உப்பால் வந்த நோய்க்கு மருந்தாக வந்த தாளுக்கும் அப்படியொரு பெயர் வாய்த்திருக்கிறது! கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு மூடியும் இல்லாமல் இவ்வேலையில் இறங்கக் கூடாது. வயர் பிரஷின் கம்பி இழைகள் தெறித்துக் கண்ணில் பாயும். பழைய வண்டிகளின் பூச்சில் ஈயம் கலந்த சிவப்பு வண்ணம் இருக்கக்கூடும். அதன் தூள் குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு செய்வது. ஆகையால் பூச்சுள்ள இடங்களை நீர் தொட்டே தேய்த்தோம். வீட்டுப் பிள்ளைகளை அப்பக்கம் வரவிடவில்லை. சுரண்டிய தூளைச் சாக்கில் வாரிக் கட்டினோம்.

நான்காம் நாள் பின்பக்கத்துக் குறுக்குச் சட்டத்தின் இடது முனையில் சுத்தியல் பட்டது, ஒலிக்கவில்லை, உள்ளே புகுந்துவிட்டது. அங்கே இரும்பு இல்லை. கறுப்புப் பூச்சும் கழிவு ஆயிலும் சேறும் துருவும் சேர்ந்து இரும்பைப் போல ஒரு வடிவத்தைத் தாங்கி நின்றிருந்தன. அவ்விடத்தை அடுத்த நீளச்சட்டத்தைத் தேய்த்தபோது, பட்டைவில்லைத் தாங்கும் கொக்கியின் ரிவிட் துளையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு விரிசல் ஓடியிருப்பது தெரிந்தது.

காக்கா பிரஷைக் கீழே வைத்துவிட்டார். "இது வீட்டு வேலை அன்று" என்றார். துருவை நீக்குவதும் பூசுவதும் பொறுமையுள்ள எவராலும் கூடும். பாரந்தாங்கும் சட்டத்தைப் பற்றவைப்பது அப்படியன்று. வண்டியை அந்த வேலையில் தேர்ந்த பட்டறைக்கு மெல்ல ஓட்டிச் சென்றோம். பற்றவைக்குமுன் பேட்டரியின் இணைப்பைக் கழற்றினார்கள். விரிசலின் நுனியில் சிறு துளையிட்டு, அது மேலும் ஓடாதபடி தடுத்த பிறகே அதனை அடைத்தார்கள். மேலே ஒரு வலுத்தகடும் சேர்த்தார்கள். இற்றுப்போன குறுக்குச் சட்டத்தை அறுத்தெடுத்து வேறொன்று பொருத்தினார்கள். அறுத்த துண்டைக் காக்கா கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த இடம் மட்டும் ஏன் அவ்வளவு இற்றது? மீன்பெட்டியின் நீர் வெளியேறும் துளை சரியாக அதற்கு மேலே இருந்தது. பதினான்கு ஆண்டுகள் அந்த ஒரு முனையில் உப்புநீர் சொட்டியிருக்கிறது. ஏழு முறை, எட்டு முறை என்று கறுப்புப் பூசியவர்கள் பலர்; சொட்டு எங்கிருந்து வருகிறது என்று அண்ணாந்து பார்த்தவர் ஒருவருமில்லை. அவர்களைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. பூசச் சொன்னதைப் பூசினார்கள். அந்தத் துளையில் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி, சட்டத்தைத் தாண்டி நீட்டி, அடியில் மாட்டிய ஒரு தொட்டியில் நீர் சேரும்படி செய்தோம். அதற்கான செலவு ஒரு டப்பா வண்ணத்தின் விலையை எட்டவில்லை.

வீடு திரும்பியபின் பூச்சு வேலை தொடங்கியது. சுரண்டியும் போகாமல் குழிகளில் தங்கிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைக் கையுறை அணிந்து தடவினோம். அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றிக் கறுக்கச் செய்கிறது. டெல்லியில் ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக நிற்கும் இரும்புத் தூணைப் பற்றி யாவரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் இரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாக இருப்பதும், அதனால் மேற்பரப்பில் ஒரு பாஸ்பேட் படலம் உண்டானதும் அத்தூண் துருப்பிடித்து அழியாமைக்குக் காரணம் என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து விளக்கியிருக்கிறார். அந்தத் தூணுக்கு இயல்பாக அமைந்ததை நாம் புட்டியில் வாங்கித் தடவுகிறோம்.

அடுத்தது ரெட் ஆக்சைடு பிரைமர். அதன் செந்நிறத்துக்குக் காரணமான பொருளும் இரும்பின் ஆக்சைடுதான். துருவுக்கு நெருங்கிய உறவு. பகைவனின் உறவினனையே காவலுக்கு வைப்பது போன்றது இது. எங்கள் கடற்கரையில் தேய்த்த இரும்பை ஓர் இரவு வெறுமனே விட்டால் காலையில் மீண்டும் பழுப்பேறியிருக்கும். ஆதலால் அன்றன்று பூசக்கூடிய அளவு மட்டுமே அன்றன்று தேய்த்தோம். அதிகாலையில் இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத பனி படிந்திருக்கும்; நண்பகலில் இரும்பு கொதிக்கும். காலை ஒன்பது மணிக்குமேல் பதினொரு மணிக்குள் பூசி முடிப்பதே உகந்ததாய் இருந்தது. விளிம்புகளிலும் ரிவிட் தலைகளிலும் பூச்சு மெலிந்து போவது இயல்பு. அவ்விடங்களுக்குத் தூரிகையால் முதலில் ஒருமுறை தனியாகப் பூசிவிட்டு, பிறகு முழுச் சட்டத்துக்கும் பூசினோம். நீர் வடியும் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொண்டோம். பிரைமர் இரண்டு முறை. நன்றாய் உலர்ந்தபின் கறுப்பு எனாமல் இரண்டு முறை.

பம்பரை இறுதியில்தான் தொட்டோம். அது எளிய வேலை. ஆனால் காக்காவுக்கும் எனக்கும் அதுவே கனத்த வேலையாய் இருந்தது. உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்கத் தேய்க்க, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பழைய வண்ணங்கள் வெளிப்பட்டன. ஒவ்வோர் எஃப்.சி.க்கும் ஒரு படலம்: மஞ்சள், பச்சை, மறுபடியும் மஞ்சள், நீலம். எல்லாவற்றுக்கும் அடியில், 2008இல் முதன்முதல் எழுதிய வாப்பாவின் பெயர் மங்கலாகத் தெரிந்தது. உம்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்கள். சிறிது நேரம் பொறுத்துக் காக்காவே அதனைத் தேய்த்தார். அதன்கீழும் துரு இருந்தது.

வாங்க வந்த இளைஞரிடம் காக்கா முதலில் காட்டியது பம்பரை அன்று; அறுத்தெடுத்த அந்தத் துண்டை. "இது இந்த வண்டியில் இருந்தது. இந்த இடத்தில் பற்றவைத்திருக்கிறது. படுத்துப் பாருங்கள்" என்று டார்ச் விளக்கைக் கையில் கொடுத்தார். அவர் அரைமணி நேரம் அடியில் கிடந்தார். தரகருக்கு மன வருத்தம். பற்றவைத்த சட்டம் என்று தெரிந்தால் விலை குறையத்தானே செய்யும்? குறைந்தது. தரகர் சொன்ன விலை எங்களுக்குக் கிட்டவில்லை. பட்டறைச் செலவும் எங்களுடையதாயிற்று. வாங்கியவர் முன்பணம் கொடுக்கும்போது, மிச்சமிருந்த பிரைமர் டப்பாவைத் தமக்குத் தர முடியுமா என்று கேட்டார். வண்டியை அறிந்துதான் வாங்குகிறார் என்பதற்கு எங்களுக்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை.

1914 பிப்ரவரி 24ஆம் நாள் திறக்கப்பெற்ற பாம்பன் இரயில் பாலத்தை நாங்கள் பிள்ளைப் பருவத்திலிருந்து பார்த்து வளர்ந்தோம். சுற்றிலும் கடல் சூழ்ந்த அந்த இரும்பு, நூறாண்டுகளுக்குமேல் நின்றது. சுரண்டுவாரும் பூசுவாரும் தட்டிப் பார்ப்பாரும் ஓயாது உழைத்தமையாலேயே அது நின்றது. தூக்குப் பகுதி நலிந்துவிட்டது என்று கண்டபொழுது, 2022 டிசம்பரில் அதில் இரயில் ஓடுவதை நிறுத்தினார்கள். அதன்மேல் இன்னொரு பூச்சுப் பூசி ஓட்டவில்லை. பக்கத்திலேயே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பெற்றது. எதைக் காக்கலாம், எதை மாற்ற வேண்டும் என்பதைச் சுரண்டிப் பார்த்தவனே அறிவான். பூசிப் பார்த்தவன் அறிய மாட்டான்.

வண்டி வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ உண்டு. அடுத்த எஃப்.சி. வரும்போது, பம்பருக்கு என்ன வண்ணம் என்று பிள்ளைகளிடம் கேட்குமுன், ஒரு சுத்தியலையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு ஒருமுறை அடியில் படுத்துப் பாருங்கள். மேலேயிருந்து நீர் எங்கே சொட்டுகிறது என்பதையும் பாருங்கள். அதற்குப் பிறகு பூக்கள் வரையலாம். எத்தனை வேண்டுமானாலும் வரையலாம்.